அந்த 9 இஞ்ச் சுவர் யாருடையது? பட்டா சொல்லாது, பத்திரம்தான் சொல்லணும்!

"ஏனுங்ணா, மேல ஒரு மாடி எடுக்கலாம்னு இருக்கேன். நடுச் செவுத்து மேல பீமை உக்கார வச்சுக்கட்டுங்களா?"

சூலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மாமா இப்படிக் கேட்டார். லேத் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனுஷர். அப்பா டீ டம்ளரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "அட, அதுக்கென்னங்க. வச்சுக்குங்க."

விஷயம் 2 நிமிஷத்தில் முடிந்தது. மாமா கிளம்பிப் போன பிறகு அம்மா உள்ளேயிருந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதெல்லாம் சரிங்க. அந்தச் செவுரு யாருது?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாமாவிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. 40 வருஷத்துக்கும் மேலாக 2 குடும்பங்கள் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கின்றன. சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்று யாருமே யோசித்ததில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சூலூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் ஏராளம். அண்ணன் தம்பி ஒன்றாகக் கட்டிப் பிறகு பாகம் பிரித்தவை, வாடகைக்காக ஜோடியாகக் கட்டிப் பின்னால் தனித்தனியாக விற்றவை, புரொமோட்டர்கள் 'ட்வின் ஹவுஸ்' என்று விற்பவை... எல்லாவற்றிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. கேள்வி வெளியே வருவது மாடி கட்டும்போது, விற்கும்போது, இல்லை பேங்க் லோன் கேட்கும்போது. அதாவது, சண்டை வர எல்லா வாய்ப்பும் இருக்கிற நேரத்தில்தான்.

முதலில் எங்கே தேடினோம், ஏன் கிடைக்கவில்லை, கடைசியில் எங்கே கிடைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டாவில் பார்த்தாச்சு. ஏன் இல்லை?

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் டவுன்லோடு செய்தேன். புலப்படம் என்பது நம் ஊரில் 'எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்' என்று சொல்கிறோமே, அதுதான்.

பட்டாவில் பெயர், சர்வே எண், பரப்பு இருந்தது. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. பட்டா அடிப்படையில் வருவாய்த்துறையின் பதிவு. பட்டாவில் பெயர் இருப்பது மட்டுமே சொத்துரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

சரி, புலப்படத்தில் கோடு இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அதன் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவு விகிதத்தைப் பாருங்கள். 1:1000 அல்லது 1:2000 என்று இருக்கும். இதை நம்ம சுவருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

9 இஞ்ச் சுவர் என்பது சுமார் 23 சென்டிமீட்டர். 1:1000 படத்தில் அது 0.23 மில்லிமீட்டர். 1:2000 படத்தில் கிட்டத்தட்ட 0.12 மில்லிமீட்டர். சாதாரண பால்பாயின்ட் பேனா போடும் கோடே அரை மில்லிமீட்டர் இருக்கும். அந்த அரை மில்லிமீட்டர் கோடு, 1:1000 படத்தில், தரையில் 50 சென்டிமீட்டர். அதாவது நம்ம சுவரைப் போல 2 சுவர் அந்த ஒரு கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்!

"கோட்டை விடுங்க, பக்கத்துல நீளம் எண்ணுல எழுதியிருக்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது பெரும்பாலும் மீட்டரில், புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கத்தோடு இருக்கும். 0.1 மீட்டர் என்றால் சுமார் 4 இஞ்ச். நமக்குத் தெரிய வேண்டியதோ 9 இஞ்ச் சுவரில் பாதியா, முழுசா என்பது. அந்தப் பாதி நாலரை இஞ்ச்.

புலப்படம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வயலையும் தோட்டத்தையும் மனையையும் அளக்க உருவான கருவி அது. அதைக் கொண்டு சுவரைப் பிளக்க முடியாது, அவ்வளவுதான்.

சர்வேயரைக் கூப்பிட்டால்?

கூப்பிட்டோம். 2023 முதல் நில அளவைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பித்து, கட்டணமும் கட்டலாம். அளக்க வரும் தேதி தகவலாக வந்துவிடும். அளந்த பிறகு அறிக்கையையும் வரைபடத்தையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே உபயோகமான வசதி.

வந்தவர் பொறுமையாக அளந்தார். மனையின் முன்பக்கமும் பின்பக்கமும் எல்லையைக் காட்டினார். கோடு சுவரில் போய் முட்டியது. "இதுக்கு மேல செவுத்துக்குள்ள எந்த இஞ்ச்சுல கோடு போகுதுன்னு நான் சொல்ல முடியாதுங்க. அதை உங்க டாக்குமென்ட்தான் சொல்லணும்" என்றார். அவர் சொன்னது சரி.

தமிழ்நாட்டில் சர்வே எல்லைகளை முடிவு செய்வது 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். அதன்படி நடக்கும் சர்வே முடிந்து அறிவிக்கப்பட்டால், எல்லை சரியாகத்தான் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பதிவே முடிவான சான்று. ஏற்காதவர்கள் 3 ஆண்டுகளுக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் புலத்தின் எல்லை வேறு, அதன்மேல் நிற்கிற சுவர் யார் காசில், யாருக்காகக் கட்டப்பட்டது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு சர்வே சங்கிலியில் பதில் இல்லை.

அப்போ பத்திரம்?

பீரோவிலிருந்து பத்திரங்களை எடுத்தோம். 1991ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். தலைப்பில் 'பல்லடம் தாலுகா, சூலூர்' என்று இருந்தது. சின்ன வயசுக்காரர்கள் குழம்ப வேண்டாம். அப்போது சூலூர் பல்லடம் தாலுகாவில்தான் இருந்தது. 2009ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது பல்லடம் அந்தப் பக்கம் போனது, சூலூர் கோவையோடு நின்றுவிட்டது. பழைய பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் ஒப்பிடும்போது இந்த மாதிரி மாற்றங்கள் நிறைய வரும். அதனால் மூலப் பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பத்திரத்தில் செக்குபந்தி இருந்தது. கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று இருந்தது. 'மேற்கில் பி ஷெட்யூல் வீடு' என்றும் இருந்தது. 2 வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்ற தகவலே இல்லை!

கிழமேல் அளவு சுவரின் உள் முகத்திலிருந்தா, வெளி முகத்திலிருந்தா, நடுவிலிருந்தா? சொல்லவில்லை. டேப் பிடித்தால் 3 விதமான கணக்கு வருகிறது. மூன்றுமே பத்திரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. தாத்தாவும் சின்னத் தாத்தாவும் அப்போது ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். சுவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை. பின்னாளில் சித்தப்பா தன் பாகத்தை மாமாவுக்கு விற்றபோது, அந்தக் கிரயப் பத்திரமும் பழைய ஷெட்யூலை அப்படியே காப்பி அடித்தது.

இந்த இடத்தில் சட்டம் எப்படிப் பார்க்கிறது? பத்திரத்தில் எழுதிய அளவும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கெல்லைதான் நிற்கும். சுபாகா எதிர் ஷோபா வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அதனால்தான் செக்குபந்தியில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் காசு பெறும். 'மேற்கில் பி ஷெட்யூல் வீடு' என்பதற்கும், 'மேற்கில் பி ஷெட்யூல் வீட்டுக்கும் இதற்கும் பொதுவான 9 இஞ்ச் சுவர்' என்பதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு சிவில் வழக்கின் வித்தியாசம்.

'அதுக்கென்னங்க' என்ற வார்த்தையின் விலை

இதுவரை படித்தவர்களில் சிலர், "15 சதுர அடிக்கு இவ்வளவு அக்கப்போரா?" என்று நினைக்கலாம். கணக்கு சரிதான். 40 அடி நீள 9 இஞ்ச் சுவர் நிற்கும் இடம் 30 சதுர அடி, அதில் பாதி 15. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இதையெல்லாம் விலை போட்டுச் சண்டை பிடிப்பது அசிங்கம் என்றுதான் அப்பாவும் நினைத்தார்.

ஆனால் பிரச்சினை இடம் இல்லை. உரிமை.

இந்தியப் பயன்பாட்டு உரிமைச் சட்டம் 1882 என்று ஒன்று இருக்கிறது. அதன் 60ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? நீங்கள் ஒருவருக்கு அனுமதி கொடுக்கிறீர்கள். அவர் அதை நம்பி, செலவு செய்து, நிரந்தரமான வேலையைச் செய்துவிடுகிறார். அதன்பிறகு அந்த அனுமதியை நீங்கள் திரும்ப வாங்க முடியாது. அனுமதியை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை.

அதாவது, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன ஒரு 'அதுக்கென்னங்க', ஒரு கான்கிரீட் பீம் ஏறியதும் நிரந்தரமாகிவிடலாம். நாளைக்கு நாங்கள் அந்தச் சுவரை இடித்துப் புதுசாகக் கட்ட நினைத்தால், அதன்மேல் இன்னொருவர் வீட்டு மாடி உட்கார்ந்திருக்கும்.

மாமா பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிலைமை நல்லா இல்லை. அவர் லட்சக்கணக்கில் செலவு செய்யப் போகிறார். நாளைக்கு எங்கள் வீட்டை வேறு யாரோ வாங்கி, "பொதுச்சுவரை என் சம்மதம் இல்லாம உசத்தினது தப்பு" என்று கேஸ் போட்டால்? பொதுச்சுவர் என்று ஆகிவிட்டால், ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் அதை உயர்த்தவோ இடிக்கவோ கூடாது என்பதே நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துவந்திருக்கும் நிலை. அப்பா சொன்ன 'அதுக்கென்னங்க'வை மாமா எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பார்?

இன்னொன்று, திண்ணைப் பேச்சில் அடிக்கடி வரும் "12 வருஷம் அனுபவிச்சா நம்மளுதுதான்" என்ற வசனம். இது பாதி உண்மைதான். காலவரையறைச் சட்டம் 1963ல் 12 ஆண்டுக் கணக்கு இருக்கிறது. ஆனால் சும்மா இருந்தால் மட்டும் போதாது. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து அனுபவித்ததைக் காட்ட வேண்டும். அனுமதியோடு இருப்பவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. கூட்டு உரிமையாளர்களுக்குள் இதை நிரூபிப்பது இன்னும் கஷ்டம். இதை நம்பி யாரும் கடப்பாரை எடுக்க வேண்டாம்.

கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும்?

எல்லைத் தகராறு என்றால், நேரில் போய் அளந்து அறிக்கை தர ஓர் ஆணையரை நீதிமன்றம் நியமிக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஹரியானா வக்ஃபு வாரியம் எதிர் சாந்தி சரூப் வழக்கில், எல்லை பற்றிய தகராறில் இப்படி ஆணையரை வைத்து அளந்திருக்க வேண்டும் என்று 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆணையர் சர்வேயரோடு வருவார். அவர் கையிலும் அதே புலப்படம், அதே டேப், அதே மௌனமான பத்திரம். எழுதாத ஒன்றை யாராலும் அளக்க முடியாது. அதற்குள் 2 வீட்டுக்காரர்களும் பொங்கலுக்குக்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கட்டட அனுமதி வாங்கும்போது யாராவது வந்து பார்ப்பார்களே என்றும் நம்ப வேண்டாம். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனே ஆன்லைன் அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்ல விஷயம். ஆனால் 'எல்லை இதுதான்' என்று சான்று கொடுப்பது இப்போது நீங்கள்தான். தப்பாக இருந்தால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச்சுவருக்கென்றே 1996ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒட்டி நிற்கும் வீடுகள் அங்கே தெருத் தெருவாக இருக்கின்றன. பொதுச்சுவரில் கை வைக்க வேண்டுமென்றால், 2 மாதத்துக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் 14 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் அதற்கென்று சர்வேயர்களை வைத்து முடிவு செய்யும் முறை இருக்கிறது. கவனியுங்கள்: அந்தச் சட்டமும் எல்லைக் கோட்டைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. 'சுவரில் கை வைப்பதற்கு முன்னால் எழுத்தில் பேசு' என்று மட்டும்தான் சொல்கிறது. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை.

என் கருத்து இதுதான்

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவுத்துறையே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை போதும். சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்று பதிவுச் சட்டம் 1908, பிரிவு 21 ஏற்கனவே சொல்கிறது. ஒட்டிக் கட்டிய வீட்டுக்கு, நடுச்சுவர் யாருடையது என்பதைவிட முக்கியமான விவரம் என்ன இருக்கிறது?

எனவே, ஒட்டுச் சுவர் உள்ள வீடு விற்பனைக்கோ பாகத்துக்கோ வந்தால், சொத்து விவரத்தில் 4 விஷயங்கள் கட்டாயம் என்று வைக்க வேண்டும். சுவர் பொதுவா, ஒருவருடையதா? அதன் தடிமன் எவ்வளவு, அளவு எந்த முகத்திலிருந்து எடுக்கப்பட்டது? மேலே கட்ட யாருக்கு உரிமை? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் விழும்? கூடவே 2 தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்க வரைபடம். துறையின் மாதிரிப் பத்திரங்களில் இந்த வரிகளைச் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

"சொந்தத்துக்குள்ள எதுக்குங்க எழுத்து? எழுதுனா சந்தேகப்படற மாதிரி ஆயிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்த உணர்வை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சொந்தம் ஒரு தலைமுறைக்குத்தான் அதே நெருக்கத்தோடு இருக்கும். சுவர் 3 தலைமுறைக்கு நிற்கும். தாத்தா தன் தம்பியை நம்பியது தப்பே இல்லை. தம்பியின் மகனிடமிருந்து வாங்கப் போகிறவரைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை, அதுதான் குறை. எழுதுவது பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவருக்கு அடுத்து வரப்போகும் ஆளுக்குத் தகவல் சொல்லி வைப்பது.

நீங்கள் இப்போதே என்ன செய்யலாம்?

உங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்தால், இந்த வரிசையில் போங்கள்:

1. இப்போதைய பத்திரத்தோடு நிற்காமல் மூலப் பத்திரம் வரை படியுங்கள். 'பொதுச்சுவர்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா பாருங்கள். கையில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம்.

2. பக்கத்து வீட்டாரையும் அவர் பத்திரத்தை எடுக்கச் சொல்லுங்கள். 2 பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் பாதி வேலை.

3. மனையின் முன், பின் எல்லைக்கு சர்வே விண்ணப்பம் போடுங்கள். அளக்கும்போது 2 வீட்டாரும் நில்லுங்கள்.

4. ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூப்பிட்டுச் சுவரையும் அஸ்திவாரத்தையும் காட்டுங்கள். அஸ்திவாரம் சுவரைவிட அகலமாக இருப்பதால், அது 2 பக்கமும் நீண்டிருக்கும். பழைய சுவர் புது மாடியைத் தாங்குமா என்பது உரிமையைவிட அவசரமான கேள்வி.

5. ஒத்துக்கொண்டதை வக்கீல் மூலம் எழுதிப் பதிவு செய்யுங்கள். இருக்கிற எல்லையை உறுதி செய்வது ஒரு வகை ஆவணம். ஒரு இஞ்ச் இடம் கைமாறினால் அது வேறு வகை. எது உங்களுடையது என்று வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

சரி, எங்கள் வீட்டில் என்ன ஆச்சு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே திண்ணையில் மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை 2 வீட்டுப் பத்திரமும், இன்ஜினீயரும், அம்மாவும் இருந்தார்கள். நடுச்சுவர் பொது, எல்லை அதன் நடுவில், ஆளுக்கு நாலரை இஞ்ச் என்று பேசி முடித்தோம். பழைய சுவரின் மேல் பீமை ஏற்ற வேண்டாம் என்றார் இன்ஜினீயர். மாமா தன் பக்கத்துக்குள்ளேயே தனியாகத் தூண் எழுப்பிக்கொள்வது என்று முடிவானது. செலவு கொஞ்சம் கூடத்தான். "பரவால்லீங்ணா, நாளைக்கு எம் பையன் உங்க பையன் மூஞ்சியப் பாக்கோணுமல்ல" என்றார்.

எழுதிப் பதிவு செய்தாச்சு. மாடி வேலை நடக்கிறது. சிமென்ட் தூசி எங்கள் வீட்டுத் துணியெல்லாம் படிகிறது என்று அம்மா தினமும் திட்டுகிறார். அதற்குப் பத்திரம் எல்லாம் எழுத முடியாது.

ஆனால் அம்மா கேட்ட அந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டாரோடு நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்.